சிமெண்டுப் பூநாரை

— அது பூநாரை இல்ல சரத்குமார். அது சிமெண்டு.

— பெயிண்ட் இன்னும் காயல மேடம். காஞ்சதும் பாருங்க, அசல்னே நெனப்பீங்க.

— அருமை. சிமெண்டு கம்பெனி சிமெண்டுலயே பறவை செஞ்சுக்கிச்சு. முட்ட எப்படி, மூட்டையில கட்டி வருமா?

— கிண்டல் பண்ணிக்கிங்க. பெரம்பலூர்ல ஒரு சிற்பி ராப்பகலா உக்காந்து செஞ்சாரு இத. லாரியில வரும்போது வேகத்தடையில தூக்கிப் போட்டதுல இந்த ஒண்ணுக்கு மட்டும் மூக்கு ஒடஞ்சுபோச்சு. அதயும் ஒட்டிடலாம்.

— ஒட்டாதீங்க. அத வாசல்லயே வையுங்க. நம்ம கம்பெனி பல்லுயிரப் பாதுகாக்கற லட்சணம் வரவங்களுக்கு உள்ள வராமலே தெரிஞ்சுபோயிடும்.

— நீங்களும் இதே கம்பெனிலதான சம்பளம் வாங்கறீங்க மேடம்? சுற்றுச்சூழல் ஆபீசர், ஆனி ரோஸ்னு கழுத்துல அட்டை தொங்குதே.

— தொங்குது. அதனாலதான் மானம் போகுது. உங்களுக்கென்ன, சென்னை ஹெட் ஆபீஸ்ல ஏசிக்குக் கீழ உக்காந்து விளம்பரம் எழுதறவரு. எப்பவாவது அரியலூர் வருவீங்க, இந்த மூணாம் நம்பர் குழிய மேலேருந்து எட்டிப் பாப்பீங்க, 'ஃபீல் சூப்பர்'னுட்டு கெளம்பிடுவீங்க. நான் தெனம் இங்க நிக்கறேன்.

— எனக்கும் இந்தப் பக்கம்தான் மேடம். எறையூரு. எங்கப்பா சர்க்கர ஆலைக்குக் கரும்பு போட்டவரு.

— அப்ப இன்னும் மோசம். வெளியூர்க்காரன் செஞ்சா தெரியாம செஞ்சான்னு விட்டுடலாம். நீங்க சொல்லுங்க, இந்த அரியலூர்ல எந்தக் குழியிலயாவது பூநாரை நின்னு பாத்திருக்கீங்களா?

— இல்ல.

— பின்ன?

— ரோஸ் கலர்ல இருக்குல்ல மேடம், அதான். போர்டு மீட்டிங்ல படம் போட்டுக் காட்டுனேன். மொதல்ல இங்க நீந்தற முக்குளிப்பானக் காட்டுனேன். ஒருத்தரு போன நோண்டுனாரு. இன்னொருத்தரு வடையத் தேடுனாரு. அப்பறம் இந்தப் பூநாரைய வச்சு வரஞ்ச படத்தக் காட்டுனேன். எல்லாரும் நிமிந்து உக்காந்தாங்க. புரியுதுங்களா?

— நல்லாப் புரியுது மாதாவே. வட தின்றவங்க முடிவு பண்றாங்க, எது உசுரு, எது பொம்மைன்னு.

— நாளன்னிக்கு எம்.டி. வந்து பூங்காவத் தொறக்கறாரு. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கிங்க மேடம். ப்ளீஸ்.

— எத்தன வருஷம் பொறுத்துக் கெடந்துச்சு தெரியுமா இந்தக் குழி? கேசுல மாட்டுனதால சுண்ணாம்புக்கல்லு எடுக்கறத நிறுத்துனாங்க. மழத்தண்ணி தானா நெறஞ்சுச்சு. ஓரத்துல காரையும் சூரையும் தானா மொளச்சுச்சு. நாமக்கோழி வந்துச்சு, உடும்பு வந்துச்சு, நரி வந்துச்சு. எந்த எம்.டி.யும் வெத்தல பாக்கு வச்சு அழைக்கல. யாரும் ஒண்ணும் செய்யாததாலதான் எல்லாம் வந்துச்சு. இப்ப நீங்க ஏதோ செய்ய வந்திருக்கீங்க.

— என்னம்மா ஆனி ரோஸு, காலங்காத்தாலயே தம்பிய வறுத்து எடுக்கற? ஜீப்பு வந்து நின்னதுகூடக் காதுல வுழலியா?

— வாங்கண்ணே, வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க.

— வாங்க ஜெயசீலன் சார். மைன்ஸ் மேனேஜரே நேர்ல. இன்னிக்கு எங்க ஓட்ட போடறதா உத்தேசம்?

— அட போம்மா. எங்க போட்டாலும் கல்லு பத்தல. கல்லச் சுடற புது கில்ன் ஓட ஆரம்பிச்சதுலேருந்து தெனம் காலையில எனக்குப் போன் மேல போன். கல்லு எங்க, கல்லு எங்கன்னு. எங்கம்மா எனக்கு ஜெயசீலன்னு பேரு வச்சதுக்கு பதிலா கல்லுன்னே வச்சிருக்கலாம். இதென்ன தம்பி, கொக்குக்குக் காய்ச்சலா? ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?

— பூநாரைண்ணே. பிளமிங்கோ.

— என்னத்த பிளமிங்கோ. உடையார்பாளையத்துல எங்க முந்திரித் தோப்புல திருஷ்டிக்கு ஒரு பொம்ம கட்டியிருக்கேன். அது இத வுட லட்சணமா இருக்கும்.

— நீங்களே சொல்லுங்க சார். இன்னும் கேளுங்க. புல்தர போடறாங்களாம். கொரியாவுலேருந்து வந்த புல்லு. படகு வுடறாங்களாம். அங்க பாருங்க, இதயம் மாதிரி ஒரு கம்பி வளையம், அதுக்குள்ள நின்னு செல்பி எடுத்துக்கணுமாம். எம்.டி. வர அன்னிக்குத் தண்ணியில ஒண்ணும் இல்லாட்டி அசிங்கமா இருக்கும்னு, வயல்ல வாத்து மேய்க்கறவங்ககிட்ட ஒரு மந்த வாத்துக்கு வாடக பேசியிருக்காரு இந்த மனுஷன்.

— வாடகைக்கு வாத்தா தம்பி?

— ட்ரோன் ஷாட்டுக்குண்ணே. ஒரு மணி நேரம்தான்.

— மூளையும் வாடகைக்குக் கெடைக்குமான்னு அவங்கள்ட்டயே கேட்டிருக்கலாம்.

— சரி மேடம். வாத்து வேணாம். இப்பவே போன் பண்ணிக் கேன்சல் பண்ணிடறேன். போதுமா?

— படகு?

— படகும் வேணாம். விடுங்க.

— சாயங்காலம் ஏழு கலர்ல லைட்டு போடப்போறீங்களே. எதுத்த பாறைச் சுவருல பட்டு மின்னணும்னு.

— லைட்டும் எடுத்துடறேன். புல்லும் எடுத்துடறேன். மேடம், நீங்க எத எடுக்கச் சொன்னாலும் எடுத்துடறேன். பூங்கான்னு ஒரு போர்டும், இந்த நாலு பொம்மையும், கரையில ஒரு நடபாதையும் இருந்தாப் போதும் எனக்கு.

— பாத்தீங்களா சார்? இதுக்குப் பேருதான் முதுகெலும்பு. வாத்துமேல இவருக்கு நம்பிக்க இல்ல, புல்லுமேல நம்பிக்க இல்ல, லைட்டுமேல நம்பிக்க இல்ல. ஒரு அதட்டு போட்டா எல்லாத்தயும் சுருட்டிக்கறாரு. போர்டு மட்டும் வேணுமாம். எம்.டி. பேரப் பெருசா எழுதி, அடியில பொடியா இவரு பேரு.

— எம் பேரு எங்கயும் வராது மேடம்.

— வந்தாத்தான் என்ன, வராட்டித்தான் என்ன. சார், இந்த பைனாகுலர வாங்குங்க. எதுத்த சுவருல, நடுவுல படி மாதிரி வெட்டியிருக்குல்ல, அதுக்குக் கீழ பாருங்க. ஒரு கல்லு பிதுங்கி நிக்குதா? அதுக்கு உள்பக்கமா ஒரு பொந்து.

— இரும்மா, கண்ணாடியக் கழட்டிக்கறேன்... ஆமா. என்னமோ பஞ்சு மூட்டையாட்டம்... அட, முழிக்குது! கோட்டான் குஞ்சு.

— கொம்பன் ஆந்தை சார். பாறையிலதான் முட்ட போடும். பொந்துக்கு மேல பாருங்க, தாயும் இருக்கு, காதுமாதிரி ரெண்டு கொம்பு தெரியுதா? மார்கழியிலேருந்து பாத்துட்டு இருக்கேன். பனிக்கும் வந்தேன், எங்கூட்டுக்காரு திட்டத் திட்ட ஞாயித்துக்கெழம பூசைய வுட்டுட்டும் வந்தேன். குஞ்சு பறக்கறதுக்கு இன்னும் நாள் இருக்கு. அதுக்குள்ள இவரு ஊரக் கூட்டி மைக் செட்டு வச்சு ட்ரோன் வுட்டா, தாய் கூட்ட வுட்டுட்டு ஓடிடும். குஞ்சு வெயில்ல வெந்துடும்.

— பல்லு வெளக்காத எங்க ஆபீசு கிளார்க்கு இதே மாதிரிதான் முழிப்பான்.

— சிரிங்க சார். பூமியில ஓட்ட போடறதே பொழப்பா இருக்கறவங்களுக்கு எல்லாம் சிரிப்புதான்.

— கோவப்படாதம்மா. நான் ஓட்ட போடலன்னா உன் கோட்டான் எங்க குடியிருக்கும்? அரியலூர்ல மல ஏது, பாற ஏது? எல்லாம் தட்டயான காடு. அந்தச் சுவரு நான் வெட்டுனது. நான் இங்க சின்ன ஆபீசரா சேந்த புதுசுல, நானே சாக்பீஸ்ல கோடு போட்டு வெட்டுனது.

— அருமை. அதுக்கு ஒரு சிலை வைக்கச் சொல்லுவோம். ரோஸ் கலர்ல.

— மேடம், ட்ரோன் வேணாம். மைக்கும் வேணாம். எம்.டி. ரிப்பன வெட்டிட்டு, ஒரு டீ குடிச்சிட்டுப் போயிடட்டும். சுவருகிட்ட ஒருத்தன் போகாம நான் பாத்துக்கறேன். நடபாதைய நல்லாப் பாருங்க, இந்தக் கரையோட நின்னுபோகுது. அந்தப் பக்கம் நான் போடவே இல்ல.

— காசு பத்தாமப் போயிருக்கும்.

— இல்ல மேடம். அந்தப் பக்கம் போடக்கூடாதுன்னுதான் போடல.

— இப்ப நான் ஆந்தையக் காட்டுனதும் கத மாத்துறீங்க. போன வருஷம் என்ன செஞ்சீங்க? ஊரு ஏரியில சீமக்கருவேலம் எடுத்துத் தரோம்னு ஜேசிபி அனுப்புனீங்கல்ல? உங்க ஆளுங்களுக்கு முள்ளு இருந்தா எல்லாமே சீமக்கருவேலம். ஏரி நடுவுல நாட்டுக் கருவேலந்தோப்பு. ஒவ்வொரு மரத்துலயும் நாரைக் கூடு. மஞ்சப் பூ பூத்து நின்ன மரத்த வேரோட சாச்சாங்க. குஞ்செல்லாம் தண்ணியில வுழுந்து கத்துச்சு. அப்பறம் அதே எடத்துல பந்தல் போட்டு, சுற்றுச்சூழல் தினம்னு கோனோகார்பஸ்ங்கற வெளிநாட்டுக் கன்னு நட்டாங்க. கேக்கு வேற வெட்டுனாங்க. பச்ச கலரு கேக்கு.

— அது எங்க டிபார்ட்மெண்ட் செஞ்சது இல்ல மேடம்.

— எந்த டிபார்ட்மெண்ட்டா இருந்தா நாரைக்கு என்ன? அதுக்கு அப்பறம்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். வரதராசன்பேட்டையில எங்கப்பா, வாத்தியாரு, கண்டிஷனா சொன்னாரு. அவங்க உன்ன சம்பளம் குடுத்து அலமாரியில வைப்பாங்க, போகாதன்னாரு. நான் கேக்கல. உள்ள இருந்து மாத்தலாம்னு வந்தேன். கிரஷர்மேல இருக்கற லைட்டக் கீழ பாத்துத் திருப்புங்கன்னேன். அந்தி நேரத்துல டிப்பர மெதுவா ஓட்டுங்க, நரி கடக்குதுன்னேன். வேலியோரத்துல இருக்கற புதரச் சுத்தம் பண்றேன்னு கொளுத்தாதீங்க, கௌதாரி இருக்குன்னேன். ஒண்ணாவது நடந்துச்சா?

— லைட்டத் திருப்பிட்டேனேம்மா.

— திருப்புனீங்க சார். ஊர்க்காரங்க மொகத்துல அடிக்கற மாதிரி.

— டிப்பரும் மெதுவாப் போகச் சொன்னேன்.

— ஒரு வாரம் போச்சு. அப்பறம் கல்லு பத்தலன்னு பழையபடி பறக்குது. ஒரு கம்பெனி உசுருங்களக் காப்பாத்தணும்னா பூங்கா கட்டத் தேவயில்ல சார். வேகத்தக் கொறைக்கணும், வெளிச்சத்தக் கொறைக்கணும், நல்லா இருக்கற எடத்துலேருந்து கையை எடுக்கணும். அவ்வளவுதான். சல்லிக்காசு செலவில்ல. அதனாலதான் செய்ய மாட்டேங்கறாங்க. செலவு பண்ணாத நன்மைய எப்படி போட்டோ எடுக்கறது?

— நீங்க சொல்றது எல்லாம் சரி மேடம். நூத்துக்கு நூறு சரி. ஆனா அத இவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்ல? ஆந்தைக்காக ஒரு குழிய விட்டுடுங்கன்னா போர்டுல எவனும் கேக்க மாட்டான். சும்மா கெடக்கற எடம்னு ஒண்ணு கம்பெனியில கெடயவே கெடயாது. ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு பேரு இருக்கணும். பேரு இல்லாட்டி வேற எவனாவது எடுத்துக்குவான். அதுக்குத்தான் நான்...

— போதும். விளம்பரத்துல எழுதிக்கிங்க. எனக்குத் தேவ ஒண்ணே ஒண்ணு. இந்தக் கேட்டப் பூட்டணும். கம்பெனியும் வரக்கூடாது, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களும் வரக்கூடாது, உங்க பொம்மையும் வரக்கூடாது. சார், அந்தச் சுவர இன்னொரு தடவ பாருங்க.

— பாத்துட்டேனேம்மா.

— கோட்டானப் பாத்தீங்க. சுவரப் பாருங்க. மேல, வலது பக்கம். மழைக்கு அப்பறம் விரிசல் வுட்டிருக்குல்ல? போன மாசம் நான் இங்க நிக்கும்போதே ஒரு பெரிய கல்லு சரிஞ்சு தண்ணியில வுழுந்துச்சு. அல இந்தக் கரை வரைக்கும் வந்து அடிச்சுச்சு.

— மேடம், சுவரப் பத்தி மட்டும் இப்பப் பேச வேணாம்.

— ஏன் பேசக்கூடாது?

— வேணாம் மேடம். ஜஸ்ட் ஒரு நிமிஷம், அந்த லாரிப் பக்கம் வாங்களேன். தனியா ஒண்ணு சொல்லணும்.

— எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லுங்க. சார் முன்னாடி சொல்ல முடியாத எதயும் நான் கேக்கறதா இல்ல.

— அண்ணன வச்சுக்கிட்டு... எப்படி மேடம்...

— என்ன தம்பி, எனக்குத் தெரியாத ரகசியம்? சொல்லு, சொல்லு. நான் வேணும்னா ஜீப்புல போய் உக்காந்துக்கறேன்.

— நீங்க எங்கயும் போக வேணாம் சார். பயந்துட்டாரு. சுவருன்னதும் மொகம் எப்படி வெளுத்துச்சு பாருங்க. அப்ப இதான் எடம். இத்தன நாளா ஆந்த, நரின்னு கத்துனேன், ஒருத்தருக்கும் ஒறைக்கல. இப்ப மனுஷன் தலையில கல்லு வுழும்னா ஒறைக்கும்ல? சார், நீங்க மைன்ஸ் மேனேஜரு. அந்தச் சுவரு ஆபத்தா இல்லயா?

— நான் வாயத் தொறக்க மாட்டேம்மா. பூங்கா ஹெட் ஆபீஸ் வெவகாரம். நாளைக்கு ஜெயசீலன் கெடுத்தான்னு பேச்சு வரும்.

— நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன். உங்களக் கேட்டா ஆமான்னு சொல்வீங்களா?

— இருக்கறத இல்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? விரிசல் இருக்கு. கல்லு வுழுது. கேட்டா ஆமாம்பேன்.

— அண்ணே, இது நல்லா இல்லண்ணே.

— நான் என்ன தம்பி பண்ணேன்? மேடம் கேக்கறாங்க, பதில் சொல்றேன். நீ நல்லா யோசிச்சுத்தான் பேசறியாம்மா? எம்.டி.கிட்ட ஒரு வார்த்த போயிட்டா அப்பறம் திருப்பி வாங்க முடியாது.

— மார்கழியிலேருந்து யோசிக்கறேன் சார். போடுங்க போன.

— மேடம், உங்களக் கும்புட்டுக் கேக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் விடுங்க. சாயங்காலம் அரியலூர் ரயிலடி பக்கத்துல எங்கயாவது உக்காந்து ஒரு காபி குடிப்போம். எல்லாத்தயும் சொல்றேன். அப்பறம் நீங்க என்ன செஞ்சாலும் சரி.

— காபி வாங்கிக் குடுத்து வாய அடைக்கற பழக்கத்த ஹெட் ஆபீஸோட வச்சுக்கிங்க சரத்குமார். நான் எலந்தப்பழத்துக்கே மயங்காத ஊர்க்காரி. போடுங்க சார்.

— ரிங் போகுதும்மா. இந்தா... வணக்கம் சார், ஜெயசீலன் பேசறேன். நல்லாருக்கேன் சார். நம்ம சுற்றுச்சூழல் ஆபீசர் மேடம் உங்ககிட்ட ஒரு அவசர விஷயம் பேசணுமாம்... தரேன் சார்.

— வணக்கம் சார், ஆனி ரோஸ்... ஆமா சார், மூணாம் நம்பர் குழியிலதான் நிக்கறேன்... ஏற்பாடெல்லாம் நடக்குது சார். ஆனா சார், எதுத்த சுவரு சரியா இல்ல. விரிசல் வுட்டு நிக்குது... இல்ல சார், சின்னதா இல்ல. போன மாசம் என் கண்ணு முன்னாடியே கல்லு சரிஞ்சுச்சு. பூங்காவத் தொறந்ததும் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வருவாங்க, நடபாதையோட நிக்கவா போறாங்க?... ஆமா சார். ஆபத்துன்னுதான் சொல்றேன். பொறுப்போட சொல்றேன்... நீங்க வரும்போதே வுழுந்தாலும் வுழலாம் சார்... இருக்காரு சார், குடுக்கறேன்.

— சொல்லுங்க சார்... ஆமா சார்... மேடம் சொல்றது உண்மதான். ஆபத்தான சுவருதான்... இல்ல சார், பொதுமக்கள உள்ள வுட்டா ஒரு மேனேஜரா நான் கையெழுத்துப் போட முடியாது... சரிங்க சார்... சரிங்க சார்... நான் பாத்துக்கறேன் சார். தம்பி இங்கதான் இருக்கான், சொல்லிடறேன்... வச்சுடறேன் சார்.

— என்ன சார்? என்ன சொன்னாரு?

— பூங்கா கெடயாது. அவரும் வரல. பொம்மையெல்லாம் ப்ளாண்ட் கெஸ்ட் ஹவுஸ் வாசல்ல எறக்கச் சொல்லிட்டாரு.

— மாதாவே! ஒரே போனு. ஒரே ஒரு போனு. ஆந்த, நரி, நாமக்கோழின்னு நான் பக்கம் பக்கமா எழுதுனத ஒரு பய படிக்கல. 'உங்க தலையில கல்லு வுழும்'னு ஒரு வரி, பூங்காவே போச்சு. பாத்தீங்களா சரத்குமார்? உங்க எம்.டி.க்குப் புரியற பாஷையிலதான் பேசுனேன்.

— பாத்தேன் மேடம்.

— என்ன, கண்ணெல்லாம் கலங்குது? பதவி உயர்வு போச்சா?

— அதெல்லாம் இல்ல.

— கவலப்படாதீங்க. வேற ஊர்ல வேற கம்பெனி குழி தோண்டாமலா இருக்கும்? அங்க போய் நிறுத்துங்க இதுங்கள. ஒண்ணு மட்டும் கேக்கறேன், உங்களுக்கு உண்மையிலயே ஒரு பறவைய அடையாளம் தெரியுமா? பொம்ம இல்லாம, உசுரோட இருக்கறத?

— உங்க ஆந்த அந்தப் பொந்துக்கு வந்து மூணாவது வருஷம் மேடம். மொத வருஷம் இன்னும் கொஞ்சம் மேல, அந்த அத்தி மொளச்சிருக்கு பாருங்க, அங்க இருந்துச்சு.

— அது... அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— வரேன் மேடம். லாரிக்காரன் நிக்கறான். வரேண்ணே.

— போயிட்டு வா தம்பி. மனசுல வச்சுக்காத. உன் வேலைய நீ பாத்த, என் வேலைய நான் பாத்தேன்.

— மேடம், அடுத்து என்னன்னு அண்ணன்கிட்ட கேளுங்க. நான் போனதுக்கு அப்பறம் கேளுங்க.

— போறப்பவும் ஒரு டயலாக். சினிமாவுக்குப் போக வேண்டிய ஆளு. பெரிய தியாகி மாதிரி தலையத் தொங்கப்போட்டுட்டுப் போறத பாருங்க சார். லாரியில ஏறி, மூக்கொடஞ்ச பொம்மைய மடியில வச்சுக்கிட்டாரு.

— அவன விடும்மா. தண்ணி இருக்கா? வெயிலு ஏறிடுச்சு.

— இந்தாங்க சார். நான் ஒண்ணு சொல்லணும். நான் உங்கள வெறும் கல்லுடைக்கற ஆளுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன். இன்னிக்கு நீங்க ஆமான்னு சொல்லலன்னா ஒண்ணும் நடந்திருக்காது.

— கல்லுடைக்கற ஆளுதாம்மா நானு. அதுல என்ன தப்பு?

— தப்பில்ல சார். கேட்டுக்கு ஒரு பூட்டு மட்டும் போட்டுக் குடுங்க. ஆபத்து, உள்ளே வராதேன்னு ஒரு போர்டு. வேலிகூட வேணாம், சூரமுள்ளே போதும்.

— போர்டு எதுக்கு? திங்கக்கெழம மோட்டாரு வருது.

— என்ன மோட்டாரு?

— தண்ணி எறைக்கறதுக்கு.

— எந்தத் தண்ணிய சார்?

— இதத்தாம்மா. அடியில அருமையான கல்லு கெடக்கு. கேசு முடிஞ்சதுலேருந்து நான் இந்தக் குழியத் திருப்பிக் கேட்டுட்டுதான் இருக்கேன். தம்பி குறுக்க படுத்துக்கிட்டான். பூங்கா வருது, பூங்கா வருதுன்னு போர்டுல சொல்லிச் சொல்லியே எடத்த எழுதி வாங்கி வச்சிட்டான். பூங்காவுக்கு ஒதுக்குன எடத்துல நான் கால வைக்க முடியாது. இப்பத்தான் பூங்கா இல்லயே.

— இல்ல... சார், வெளையாடறீங்க. அந்தாளு ஆந்தைக்காகவா... அவரு ஏன் அப்பவே எங்கிட்டச் சொல்லல?

— என்ன வச்சுக்கிட்டு எப்படிச் சொல்லுவான்? தனியாக் கூப்பிட்டுப் பாத்தான், நீதான் போகல.

— லாரி கெளம்பிடுச்சா? சரத்குமார்! சரத்குமார்!

— போயிட்டாம்மா. தூசிதான் தெரியுது.

— சரி. சரி சார். தண்ணிய எடுத்துக்கிங்க. நாமக்கோழி வேற எங்கயாவது போயிக்கும். ஆனா சுவரத் தொட முடியாதுல்ல? ஆபத்துன்னு எம்.டி.கிட்ட நான் பொறுப்போட சொல்லியிருக்கேன், நீங்களும் ஆமான்னீங்க. ஆபத்தான சுவருக்கு அடியில ஆள எறக்கக்கூடாதுன்னு உங்க சுரங்கத்துல சட்டம் இருக்குமே? சொல்லுங்க சார், இருக்குல்ல?

— இருக்கும்மா, கறாரான சட்டம். அதனாலதான் ஆள எறக்கறதுக்கு முன்னாடி மொத வெடிய அந்தச் சுவருக்கு வைக்கணும்.